போட்டி கம்பனிக்கு, தவணை நமக்கு

(தோட்டத்து மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



தீபாவளி முற்பணம் கைக்கு வருகிற மாதம் இது. டவுன் கடைகளில் போனும் டெப்பும் தவணைக்குத் தருகிறோம் என்று போர்டு தொங்குது. போன மாசம் ஒரு அக்கா என்னிடம் வந்தார். "ஐயா, மகன் புதுப் போன் கேட்டு சாப்பிடாம கெடக்கிறான். இருக்கிற போன்ல சார்ஜ் நிக்கிறதில்ல, அவ்வளவுதான். காதுத் தோட்டை அடகு வைக்கட்டுமா?" என்று கேட்டார். "அவசரப்படாதீங்க அக்கா, போனைக் கொண்டுவந்து காட்டுங்க" என்றேன். அவருக்குச் சொன்னதை இன்றைக்கு உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்தப் போட்டி எப்படித் தொடங்கியது? அப்பிள் கம்பனி 2007ல் ஐபோனையும் 2010ல் ஐபேட் என்ற டெப்பையும் கொண்டுவந்தது. கூகுள் கம்பனியோ அன்ட்ரொய்ட் என்ற மென்பொருளை எந்தக் கம்பனியும் தன் போனில் போடலாம் என்று விட்டது. 2008ல் முதல் அன்ட்ரொய்ட் போன் வந்தது. பிறகு பல கம்பனிகள் போட்டி போட்டுச் செய்ததால்தான் விலை இறங்கி, நம்முடைய லயத்துக் காம்பராவுக்கும் போன் வந்தது. அந்த நன்மையை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் கம்பனிக்கு வருஷா வருஷம் புதுசு விற்றாக வேண்டும். அதனால் நம் கையில் இருப்பது பழசு என்று நமக்கே தோன்றும்படி விளம்பரம் செய்கிறார்கள். நம் பையன்களும் அப்பிள் பெரிசா, சம்சுங் பெரிசா என்று சண்டை பிடிக்கிறார்கள். அந்த இரண்டு கம்பனியும் 2011ல் கோர்ட்டுக்குப் போய் 2018ல்தான் சமரசம் ஆனார்கள். வழக்கு நடந்த காலத்திலேயே ஐபோனுக்கு வேண்டிய சிப்பை சம்சுங் செய்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தது! அவர்கள் சண்டைக்குள்ளேயும் வியாபாரம் நடக்குது. நம் வீட்டில் மட்டும் ஏன் சண்டை?

இன்னொரு கதை. 2011 ஜூலையில் ஹெச்.பி. என்ற பெரிய கம்பனி டச்பேட் என்ற டெப்பை அமெரிக்காவில் 499 டொலருக்கு விற்பனைக்கு விட்டது. ஐபேட்டோடு போட்டி போட முடியவில்லை. ஏழு கிழமைக்குள் "இனிச் செய்ய மாட்டோம்" என்று அறிவித்து, மிச்சத்தை 99 டொலருக்குத் தள்ளி விற்றது. முதலில் வாங்கினவர் கையில் இருந்ததும் நல்ல சாமான்தான். ஆனால் செய்தவன் கைவிட்ட பிறகு அதற்குப் புதுச் செயலிகள் வருமா?

இது எனக்கும் நடந்தது. 2020ல் பள்ளிக்கூடம் பூட்டியபோது மகளின் படிப்புக்காக விலை குறைந்த டெப் ஒன்றை 24 மாதத் தவணைக்கு எடுத்தேன். ஒன்றும் விசாரிக்கவில்லை. இருபதாவது மாதம் பாடச் செயலி திறக்கவில்லை. திரையும் நல்லது, பெட்டரியும் நல்லது. "இதுக்கு இனி அப்டேட் வராது" என்றார் கடைக்காரர். அப்டேட் என்பது கம்பனி அனுப்புகிற மென்பொருள் திருத்தம். அது நின்றால் சில வருஷத்தில் செயலிகளும் ஒவ்வொன்றாக நிற்கும். டெப் உதவாமல் போன பிறகும் நாலு மாசம் காசு கட்டினேன்.

ஆகவே வாங்கும் முன் இவற்றைக் கேளுங்கள்:

ஒன்று, இது என்ன வேலைக்கு? பேசவும் வாட்ஸ்அப் பார்க்கவும் என்றால் விலை கூடிய போன் தேவையில்லை. பிள்ளை படிக்க என்றால் திரை பெரிசாக இருப்பது கண்ணுக்கு நல்லது.

இரண்டு, எந்த வருஷம் வரை அப்டேட் வரும்? கூகுள் 2023லும் சம்சுங் 2024லும் தங்கள் விலை கூடிய சில போன்களுக்கு ஏழு வருஷம் தருவதாக அறிவித்தன. மலிவான போனுக்கு அவ்வளவு கிடைக்காது. கேட்காவிட்டால் யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

மூன்று, பெட்டரியும் திரையும் நம் டவுனில் மாற்றலாமா?

நாலு, மாதத் தவணையைப் பார்க்காமல் எல்லாத் தவணையையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையையும் கைக்காசு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் வித்தியாசம் தெரியும்.

அந்த அக்கா மகனோடு போனைக் கொண்டுவந்தார். பார்த்தேன். இன்னும் இரண்டு வருஷம் அப்டேட் உண்டு. பெட்டரியை மட்டும் மாற்றச் சொன்னேன். பையனையும் நான் குறை சொல்லவில்லை, கூட்டாளிமார் கையில் புதுசைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். பெட்டரி மாற்றிய பிறகு அவனே வந்து, "நாள் முழுக்க சார்ஜ் நிக்குது ஐயா" என்றான்.

அக்கா இன்றைக்கும் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். தோடு அவர் காதில்தான் இருக்கிறது.