கைவலியை மறைத்தல் வேண்டா



1877ஆம் ஆண்டில் நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அன்று முதல் தோட்டங்களில் எத்தனையோ மாறுதல்கள் நேர்ந்துள்ளன. எனினும் பால்மரம் வெட்டுவதற்கு நாம் இன்றும் பெரும்பாலும் நம் கையையே நம்பியிருக்கின்றோம். கை நோவுற்றால் குடும்ப வருவாயும் குன்றுகின்றது.

மழையால் தடைப்பட்ட வேலையை ஈடுசெய்யக் கூடுதல் மரங்களை வெட்டி, நிறைந்த வாளிகளைச் சுமந்த பின் மேற்கையில் வலி தோன்றுதல் இயல்பே. அவ்வலி பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணிந்துவிடும். இரண்டு வாரம் கடந்தும் தணியாது, கையை உயர்த்தும்போதும் அப்பக்கம் சாய்ந்து உறங்கும்போதும் மிகுமாயின், தோள்மூட்டுத் தசைநாண்கள் பழுதுற்றிருக்கலாம். வலி மேற்கையில் தெரிந்தாலும் அதன் வேர் தோளில் இருப்பதுண்டு.

முதல் இரண்டு நாள்கள், துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் ஒற்றிட வேண்டும். பாரம் தூக்குதலும் தலைக்கு மேல் கை உயர்த்துதலும் ஆகா. ஆனால் கையை அறவே அசைக்காதிருத்தலும் தவறு. தோள்மூட்டு இறுகிப் போகும். நீரிழிவு உடையோர்க்கு இவ்விடர் மிகுதி. உடலை முன்சாய்த்து, கையைத் தொங்கவிட்டு மெல்ல ஊசலாட்டுதல் நலம்.

கைவலியோடு நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ கண்டாலும், கடும் உழைப்பின் பின் சிறுநீர் கறுத்துப் போனாலும், ஒரு நாளும் தாமதியாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அவசர அழைப்பு எண் 999.

கூலி குறையுமென்று அஞ்சி வலியை மறைப்போர் நம்மிடையே உளர். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மருத்துவர் சான்றளித்தால் ஊதியத்துடன் நோய் விடுப்புப் பெறலாம். இரண்டாண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியோர்க்கு ஆண்டுக்கு 14 நாள்; இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் பணியாற்றியோர்க்கு 18 நாள்; அதற்கு மேற்பட்டோர்க்கு 22 நாள். விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்தல் கட்டாயம். வலி தொடங்கிய நாளையும் செய்த வேலையையும் மருத்துவரிடம் கூறிப் பதிவு செய்வோம். வேலையால் வந்த நோயென உறுதிப்படின், சொக்சோ உதவி கோருவதற்கு அப்பதிவு துணைநிற்கும்.

மரத்தை ஒருநாள் வெட்டினால் மறுநாள் ஆறவிடுகின்றோம். மரத்துக்குத் தரும் ஓய்வை நோவுற்ற கைக்கும் தருவோமாக.