மரத்துக்கும் வயது உண்டு



இமாசலப் பிரதேசத்தில் மணாலி என்று ஓர் ஊர். அங்கே தேவதாரு மரக் காட்டுக்குள் ஒரு கோயில் இருக்கிறது. பீமன் மணந்த இடும்பிதான் அங்கே தெய்வம். 1553-ஆம் ஆண்டு கட்டிய கோயில். அடுக்கடுக்காக மரக் கூரை. உயரம் 24 மீட்டர்.

இந்தக் கோயிலை ஒரு தச்சர் சிறிய மாதிரியாகச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1 மீட்டரை 1 சென்டிமீட்டர் ஆக்குகிறார். 24 மீட்டர் கோயில் 24 சென்டிமீட்டர் ஆகிறது. அளவு சரி. வார்னிஷ் பூசுகிறார். பளபளக்கிறது. பார்ப்பவர் என்ன சொல்வார்? "நேற்றுக் கட்டிய கோயில் மாதிரி இருக்கிறதே!" என்பார்.

அளவு வந்தது. வயது வரவில்லை.

மரத்துக்கு எப்படி வயது ஏறுகிறது? வெயில் மேல்பரப்பைச் சிதைக்கிறது. மழை அதைக் கழுவுகிறது. மரம் சாம்பல் நிறம் ஆகிறது. மென்மையான பகுதி முதலில் தேய்கிறது. கடினமான ரேகைகள் மேடாக நிற்கின்றன.

உங்கள் வீட்டில் பழைய மரக் கதவு இருக்கிறதா? பாருங்கள். சாரல் அடிக்கும் கீழ்ப்பகுதி வெளுத்திருக்கும். நிழலில் உள்ள மேல்பகுதி பழைய நிறத்தில் இருக்கும். மாதிரியிலும் அப்படித்தான். மழை படும் இடத்தில் மட்டும் சாம்பல் நிறம் வேண்டும்.

தச்சர் இப்படிச் செய்யலாம். மரத் துண்டைக் கம்பி பிரஷ்ஷால் ரேகை ஓடும் திசையில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். பிறகு கெட்டியான தேயிலைத் தண்ணீர் பூசிக் காயவிட வேண்டும். துருப்பிடித்த இரும்பு ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் ஊறப்போட வேண்டும். மூடியை இறுக்கக் கூடாது. உள்ளே வாயு உண்டாகும். இந்த நீரைப் பூசினால், தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மரம் கருக்கும். கருமை அதிகமானால் தண்ணீர் கலக்கலாம். முதலில் ஒரு கழிவுத் துண்டில் பூசிப் பார்ப்பது நல்லது.

விரிசல் போடும்போது கவனம் தேவை. கோயிலில் 1 சென்டிமீட்டர் விரிசல் என்றால், மாதிரியில் தலைமுடி அளவுதான்.

இன்னொன்று. அந்தப் பாட்டிலைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். "குடிக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டுங்கள். நீங்கள் கற்ற எழுத்து ஓர் உயிரைக் காக்கும்.

பாட்டியின் படத்தில் முகச் சுருக்கத்தை விட்டுவிட்டால் அது பாட்டி ஆகுமா? 450 ஆண்டுகளுக்கு மேல் பனியையும் மழையையும் தாங்கி நிற்கும் கோயிலுக்கு அதன் வயதுதான் பெருமை. அந்தப் பெருமையை மறைக்காமல் காட்டுவதே நல்ல வேலை.