அறிவுரையும் ஆற்றுப்படையும்: உள ஆலோசனையில் அறமும் சமயமும்



மனம் நொந்து வருபவருக்கு ஆலோசனை வழங்கும்போது அறத்திற்கும் சமயத்திற்கும் இடம் உண்டா என்னும் வினாவை இன்று எடுத்துக்கொள்கிறோம். ஆலோசனை அறிவியல் பணி, அதில் சமயத்திற்கு வேலை இல்லை என்பர் ஒரு சாரார். அறமும் பக்தியும் குறைந்ததனால்தான் பிள்ளைகள் தடுமாறுகின்றனர், ஆதலால் அவற்றைப் புகட்டுவதே ஆலோசனை என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் நமக்கு உடன்பாடல்ல. வந்தவருடைய அறமும் சமயமும் அவர் பேச்சிலேயே இருக்கின்றன. அவற்றைக் கேட்டறிவது ஆலோசகர் கடன். ஆலோசகருடைய அறமோ அவர் கேட்கும் முறையில் வெளிப்பட வேண்டும். மொழியியல் பயின்ற நாம் இக்கருத்தைச் சொற்களின் வழியே அணுகுவோம்.

நம் வட்டாரத்திலிருந்து தொடங்குவோம். கோல சிலாங்கூர் மாவட்டத்தில், முன்னர் பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கிய இன்றைய பெஸ்தாரி ஜெயாவிற்கு அருகில் தென்னமரம் தோட்டம் உள்ளது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கேதான் அமைத்தார். தோட்டத்தின் முதலாளி பிரெஞ்சுக்காரர், பெயரோ தமிழ். வந்து குடியேறிய மக்கள் தம் சொல்லை இம்மண்ணில் பதித்தனர். அச்சொல்லோடு தம் தெய்வங்களையும் நன்மை தீமை பற்றிய தம் எண்ணங்களையும் கொண்டுவந்தனர். ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் முதல் வடக்கே சபாக் பெர்ணம் வரை தோட்டந்தோறும் மாரியம்மன், முனீசுவரர் கோயில்கள் எழுந்தது இதனாலேயே.

அந்நாளில் ஆலோசனைக்கென்று தனி அறை இல்லை. கோயில் வாசலே மன்றமாக இருந்தது. குடும்பச் சண்டையானாலும் கடன் தகராறானாலும் பெரியவர்கள் கூடி விசாரித்தனர். சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தால் வழக்கு முடிந்தது. ஒருவரையொருவர் அறிந்த மக்களிடையே அது பெரும் ஆறுதல். ஆயினும் அங்கே மறைவுக்கு இடமில்லை. லயத்தில் ஒரு வீட்டில் பேசியது மறுநாள் பெரட்டுக் களத்தில் எல்லார் வாயிலும் இருக்கும். ஊரார் முன் சொல்லக்கூடிய துன்பமே அங்கே தீர்வு பெற்றது. சொல்ல இயலாத துன்பம் உள்ளேயே தங்கியது.

இன்று தோட்டத்து மக்களிற் பலர் சிற்றூர்களுக்கும் நகரங்களுக்கும் பெயர்ந்துவிட்டனர். கோயில் மன்றத்தின் இடத்திற்குப் பள்ளி ஆலோசனை அறை வந்துள்ளது. அதற்குச் சட்டமும் உண்டு. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம், ஆலோசனையால் வரும் மாற்றம் நாடி வந்தவரின் தன்விருப்பத்தால் நிகழ வேண்டும் என்று வரையறுக்கிறது. தன்விருப்பம் என்பது நம் மரபுக்குப் புதிதா என்றால், இல்லை.

ஆலோசனைப் பணிக்குத் தமிழில் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்றொரு சொல் வழங்குகிறது. ஆறு என்பது வழி; ஒருவரை வழியில் செலுத்துவது ஆற்றுப்படுத்துதல். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையின. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞனுக்கு வழி கூறுவான். வழியில் எவ்வகை நிலம் வரும், எத்தகைய மக்கள் எதிர்ப்படுவர், என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் சொல்வான். ‘நீ ஏன் வறியவனானாய்?’ என்று அவனைக் கடிவதில்லை. நடக்க வேண்டியவனும் கேட்டவனே. திருமுருகாற்றுப்படை சமய நூலாயினும், முருகன் திருவடியை அடைய விரும்பினால் என்ற நிபந்தனையோடுதான் வழி சொல்கிறது. ஆறுதல் என்னும் சொல்லின் வேர் வேறு. சூடு தணிதல், புண் ஆறுதல் என்னும் பொருளில் வருவது அது. எனினும் செவிக்கு இரண்டும் உறவாகவே ஒலிக்கின்றன. மனம் ஆறாதவனுக்கு எந்த ஆறும் கண்ணில் படாது.

அறிவுரை இதனின் வேறானது. கூறுபவர் மேலும் கேட்பவர் கீழும் நிற்பது அது. அறிவுரைக்கு உரிய இடங்கள் உண்டு. நன்னெறிக் கல்வி வகுப்பு அவற்றுள் ஒன்று. வகுப்பறையின் மொழி ஆலோசனை அறைக்குள் அப்படியே நுழைவதுதான் இடர்.

நன்னூல் இதற்கு நமக்கு உதவுகிறது. அந்நூல் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாகப் பகுக்கும். விடை தெரிந்தவர் கேட்பது அறிவினா. ஆசிரியர்க்குப் பழகியது அது. ‘பெற்றோரை மதிக்க வேண்டாமா?’ என்று நாம் கேட்டால் அதற்கு ஒரு விடைதான் உண்டு; அதை மாணவனும் அறிவான். ‘கோயிலுக்குப் போகிறாயா?’ என்று கண்டிப்போடு கேட்பது ஏவல் வினா. போ என்பதே அதன் பொருள். இவ்விரு வினாக்களாலும் அறமும் சமயமும் மாணவன்மேல் சுமையாக விழுகின்றன. அவன் ‘சரிங்க ஐயா’ என்று எழுந்து போய்விடுவான். துன்பம் அவனோடு போகும். ‘கோயிலில் இருக்கும்போது உன் மனம் எப்படி இருக்கிறது?’ என்று உண்மையாகவே அறியாமல் கேட்பது அறியா வினா. அமைதியாக இருக்கிறது என்பான். அச்சமாக இருக்கிறது என்பான். அங்கே போவதை நிறுத்திவிட்டேன் என்றும் சொல்லலாம். எந்த விடை வந்தாலும் அது அவனுடைய சமயம். ஆலோசனை அங்கிருந்து தொடங்கலாம்.

மற்றொன்றும் கருதத்தக்கது. தமிழ்ப் பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, தமிழறியா ஆலோசகரிடம் மலாய் மொழியில் தன் துயரைச் சொல்ல நேர்வதுண்டு. சமயச் சொற்கள் அப்போது வழிமாறிப் போகும். ‘தோஷம்’ என்னும் வடசொல்லை எடுத்துக்கொள்வோம். மலாயில் அது டோசா என வழங்கிப் பாவத்தைக் குறிக்கிறது. தமிழர் வீட்டிலோ பெரும்பாலும் சாதகத்தில் கூறப்படும் குறையைக் குறிக்கும். தன் சாதகத்தில் தோஷம் என்று கேட்டு வளர்ந்த பெண் அச்சொல்லை அப்படியே சொன்னால், அவள் குற்றவுணர்வால் வாடுகிறாள் என்று கேட்பவர் கருதக்கூடும். அவளை வாட்டுவது தனக்கு நல்வாழ்வு அமையாது என்னும் அச்சம். தமிழில் ‘பாவம்’ என்பதோ தீவினையையும் குறிக்கும், இரக்கத்தையும் குறிக்கும். ‘நான் பாவம் செய்தவள்’ என்பதும் ‘அவள் பாவம்’ என்பதும் ஒரே சொல்லால் அமைந்தவை. ‘எல்லாம் என் தலையெழுத்து’ என்பது ஒருவருக்கு மனத்தை இறக்கிவைக்கும் சுமைதாங்கி. இன்னொருவருக்கு வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணத்தின் முன்னறிவிப்பு. எது என்று ஊகித்தல் ஆகாது; கேட்டுத்தான் அறிய வேண்டும்.

உலக அரங்கிலும் இவ்வினா பேசப்பட்டே வந்துள்ளது. வந்தவரை நிபந்தனையின்றி மதித்து ஏற்க வேண்டும் என்றார் அமெரிக்க உளவியலார் கார்ல் ரோஜர்ஸ். விழுமியம் கலவாத சிகிச்சை என ஒன்று இல்லை, சமய விழுமியங்களைப் புறக்கணித்தலும் ஒரு சார்பே என 1980இல் வாதிட்டார் ஆலன் பெர்கின். இவ்விரண்டையும் நடைமுறையில் இணைத்துக் காட்டிய சான்று ஒன்று உண்டு. 1953இல் இலண்டனில் தற்கொலை எண்ணம் கொண்டோர்க்கெனச் சமாரித்தன்ஸ் அமைப்பைத் தொடங்கிய சாட் வாரா ஒரு பாதிரியார். ஆயினும் தொண்டர்கள் தம் சமய நம்பிக்கையை அழைப்பவர்மேல் திணிக்கலாகாது என்பது அவ்வமைப்பின் விதி. அதே நெறியில் கோலாலம்பூரில் 1970இல் பிஃப்ரெண்டர்ஸ் தோன்றியது. சென்னையில் 1986இல் சிநேகா தோன்றியது. தொண்டு செய்யத் தூண்டியது சமயமாக இருக்கலாம். தொண்டின் மொழி செவிமடுத்தலே. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023இல் நீக்கிய நம் நாடும் அத்திசையிலேயே நடந்துள்ளது.

அப்படியாயின் ஆலோசகர் தம் அறத்தை எங்கும் வெளிப்படுத்தலாகாதா? வெளிப்படுத்தியே தீர வேண்டிய இடம் ஒன்று உண்டு. வீட்டில் அடியும் கொடுமையும் படும் பிள்ளையிடம் ‘பொறுமையே பெருமை, பெற்றோர் தெய்வம்’ என்று சொல்லி அனுப்புவது அறமன்று. சமயத்தின் பெயரால் செய்யும் கைவிடல் அது. அங்கே பிள்ளையின் உயிரும் உடலும் காப்பதே முதல் அறம். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் அதற்குத் துணை நிற்கிறது.

ஆசிரியப் பெருமக்களே, திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகியவற்றின் பின்னும் அறிவுடைமையின் முன்னும் கேள்வி என்னும் அதிகாரம் நிற்கிறது. கற்றாரிடம் கேட்பதை அது பேசுகிறது. நொந்தாரிடம் கேட்பதும் ஒரு கேள்விச் செல்வமே என நாம் அதனை விரித்துக்கொள்ளலாம். மாணவர்களே, உங்கள் தோழர் ஒருவர் துயரோடு வந்தால் உடனே விடை சொல்ல முற்படாதீர்கள். விடை தெரியாத ஒரு வினாவை அன்போடு கேளுங்கள். சொல்வதை முழுதும் கேளுங்கள். தாங்க இயலாத சுமையானால் நம்பத்தக்க பெரியவரிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள். ஆற்றுப்படுத்துதல் என்பது அதுவே.