பனிக்காலமும் பிள்ளைகளின் இரைப்பு நோயும்

(விழா அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கார்த்திகை பிறந்து தை முடியும் வரையில் வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரங்களில் பனி இறங்கும். அந்நாள்களில் பல இல்லங்களில் ஏதேனும் ஒரு பிள்ளை இரவெல்லாம் இருமும். படுக்க இயலாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிக்கும். மார்பில் சீழ்க்கை போன்ற ஒலி கேட்கும். வீட்டார் அதனைச் சளி என்பர், வீசிங் என்பர், இளைப்பு என்பர். ஆஸ்துமா என்னும் பெயரை மட்டும் சொல்லத் தயங்குவர். பெயரைச் சொல்லத் தயங்கும் இடத்தில் மருந்தைத் தரவும் தயக்கம் பிறக்கின்றது. அத்தயக்கத்தால் துன்புறுவது பிள்ளையே. ஆகவே இன்று இதனைப் பற்றிப் பேச விழைகின்றேன்.

ஆஸ்துமா என்பது நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் சிறு குழாய்களின் அழற்சி. குழாயின் உட்சுவர் வீங்கியிருக்கும். கோழை மிகுதியாகச் சுரக்கும். சுற்றியுள்ள தசை எளிதில் இறுகும். இம்மூன்றும் சேரும்போது வழி குறுகி மூச்சுத் திணறுகின்றது. பிள்ளை நன்றாக ஓடியாடும் நாள்களிலும் அந்த அழற்சி உள்ளே தணியாமல் இருக்கக்கூடும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அவ்வாறாயின் குளிருக்கு இதில் பங்கு யாது? நாம் உள்ளிழுக்கும் காற்றை மூக்கு வெதுவெதுப்பாக்கி, ஈரமூட்டி அனுப்புகின்றது. மூக்கு அடைத்திருக்கும்போதும், வேகமாக ஓடும்போதும் பிள்ளை வாயால் மூச்செடுக்கின்றது. அப்போது குளிர்ந்த காற்று நேரே உட்சென்று, அழற்சியுற்ற குழாயை வறளச் செய்து, தசையை இறுகத் தூண்டுகின்றது. ஆயினும் குளிரைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது சாதாரண ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸ் கிருமி. 1995-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் பகுதியில் 9 முதல் 11 வயதுள்ள பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, ஆஸ்துமா மிகுந்த நேரங்களில் நூற்றுக்கு 80 முதல் 85 வரையிலானவற்றில் வைரஸ் தொற்று காணப்பட்டது. கனடாவில் ஆஸ்துமாவால் மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை உச்சத்தை எட்டுவது கடும் பனிக்காலத்தில் அன்று. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த சில வாரங்களில், செப்டம்பர் மாதத்தில். பிள்ளைகள் ஒன்றுகூடும்போது கிருமி பரவுகின்றது, நோயும் மிகுகின்றது.

எனவே காதுக்குக் குல்லாவும் உடலுக்குக் கம்பளியும் அணிவிப்பது நன்றுதான். ஆனால் அதுவே போதிய காப்பு ஆகாது. வெளியிலிருந்து வந்ததும் கை கழுவுதல், சளி பிடித்தவர் கைக்குழந்தையை முத்தமிடாதிருத்தல், மருத்துவர் பரிந்துரைத்தால் இன்ஃபுளுயன்சா தடுப்பூசி போடுதல் ஆகியவையும் வேண்டும். வாழைப்பழம், ஆரஞ்சு, தயிர் எனப் பலவற்றையும் மாதக்கணக்கில் விலக்கிப் பிள்ளையை மெலியவிடுவதால் பெரும்பாலோர்க்குப் பயனில்லை. ஓர் உணவை உண்டதும் தொல்லை வருவதைத் தெளிவாகக் கண்டால் அதனை மட்டும் மருத்துவரிடம் கூறுங்கள்.

பனிக்காலத்தின் மற்றொரு தீங்கு புகை. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மேலெழாமல் தங்கிவிடுகின்றது. அடுப்புப் புகையும் குப்பை எரிக்கும் புகையும் கலைந்து போகாமல் நாம் மூச்செடுக்கும் உயரத்திலேயே நிற்கின்றன. போகியன்று விடியற்காலையில் இதனை எல்லோரும் காணலாம். வீட்டினுள்ளோ, குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துவிட்டுக் கொசுவர்த்திச் சுருளை ஏற்றி வைக்கின்றோம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிப்படும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நிகரானது என 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகின்றது. ஆகவே கொசுவலையே சிறந்தது. வழிபாட்டில் தூபத்தையும் ஊதுபத்தியையும் கைவிட வேண்டும் என்று யான் கூறவில்லை. அந்நேரத்தில் சன்னலைத் திறந்து வைத்து, இரைப்புள்ள பிள்ளையைப் புகை சேராத இடத்தில் அமர்த்துங்கள். பரணிலிருந்து எடுத்த கம்பளியைத் துவைத்து, வெயிலில் உலர்த்திய பின்னரே பிள்ளைக்குப் போர்த்துங்கள்.

இனி மருந்தைப் பற்றிக் கூறுகின்றேன். 'இன்ஹேலர் பழக்கமாகிவிடும், அது கடைசிக் கட்டத்திற்கு உரியது, முதலில் மாத்திரை, சிரப்பு போதும்' என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. உண்மை நேர்மாறானது. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 மில்லிகிராம், அதாவது 2000 மைக்ரோகிராம் மருந்து உண்டு. அதே மருந்து இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் 100 மைக்ரோகிராம் மட்டுமே. மாத்திரை உடல் முழுதும் சுற்றிக் கை நடுக்கமும் படபடப்பும் தருகின்றது. இன்ஹேலர் இருபதில் ஒரு பங்கு மருந்தை வேண்டிய இடத்திற்கே நேராகச் சேர்க்கின்றது.

இக்கருவி பிறந்ததற்கே ஒரு சிறுமி காரணமானாள். 1955-இல் அமெரிக்காவின் ரைக்கர் மருந்து நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மேய்சனிடம் ஆஸ்துமாவால் வருந்திய அவருடைய 13 வயது மகள், 'தெளிப்பான் போன்ற ஒன்றில் என் மருந்தை அடைத்துத் தர இயலாதா?' என்று கேட்டாள். மறு ஆண்டே அளவிட்டு மருந்து தரும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது.

இன்ஹேலரில் இருவகை உண்டு. ஒன்று திணறலை உடனே தணிப்பது. மற்றொன்று அழற்சியையே அடக்கும் ஸ்டீராய்டு மருந்து. இரண்டாவதை மருத்துவர் கூறியபடி, பிள்ளை நலமாக இருக்கும் நாளிலும் தவறாமல் தர வேண்டும். பயன் உடனே கண்ணுக்குத் தெரியாததால் அதனையே நாம் முதலில் நிறுத்திவிடுகின்றோம். அடுத்த சளியோடு திணறல் திரும்பி வருகின்றது. 'ஸ்டீராய்டு வளர்ச்சியைத் தடுக்குமே' என்று தாய்மார்கள் அஞ்சுவது இயல்பே. அமெரிக்காவிலும் கனடாவிலும் சிறுவயதில் இம்மருந்தைப் பல ஆண்டுகள் பெற்ற பிள்ளைகளை, அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பின் அளந்து பார்த்தனர். சராசரி உயரம் 1.2 சென்டிமீட்டர் குறைந்திருந்ததாக 2012-இல் அறிவித்தனர். இதனை மறைக்க வேண்டியதில்லை. மறுபுறத்தில் உறக்கமற்ற இரவுகள், தவறிய பள்ளி நாள்கள், உயிருக்கே நேரக்கூடிய இடர் ஆகியவற்றை வைத்து எடைபோட்டுப் பாருங்கள்.

சிறு பிள்ளைகளுக்கு இன்ஹேலரை ஸ்பேசர் என்னும் குடுவையுடன் இணைத்தே தர வேண்டும். அது கிடைக்காத இடத்தில், அடியில் துளையிட்டு இன்ஹேலர் வாயை இறுகப் பொருத்திய 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் புட்டியும் நன்கு உதவுவதைத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999-இல் காட்டினர். ஏழை இல்லங்களுக்கு இது பெரும் ஆறுதல். ஸ்டீராய்டு மருந்து எடுத்தபின் வாய் கொப்பளிப்பது நலம்.

சில அறிகுறிகளைக் கண்டால் விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. பிள்ளை ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல இயலாமை, விலா எலும்புகளுக்கிடையே தசை உள்வாங்குதல், உதடு நீலம் பூத்தல், சோர்ந்து மயங்குதல், தணிக்கும் மருந்து தந்தும் திணறல் குறையாமை ஆகியவை அபாயக் குறிகள். அம்மருந்தைத் தந்துகொண்டே உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். மார்பில் ஒலி நின்றும் பிள்ளை தவித்தால், நோய் தணிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். காற்றே செல்லவில்லை என்பதும் அதன் பொருளாகலாம்.

நிறைவாக ஒன்று கூறுவேன். பெண் பிள்ளைக்கு இந்நோய் உண்டென வெளியே தெரிந்தால் நாளை வரன் அமைவது கடினம் என்று கருதி, பள்ளியிலும் சுற்றத்திலும் மறைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கின்றது. மறைக்கப்பட்ட பிள்ளையின் புத்தகப் பையில் இன்ஹேலர் இராது. திணறல் வரும் வேளையில் ஆசிரியருக்கு என்ன செய்வதென்றும் தெரியாது. நோய் கட்டுக்குள் உள்ள பிள்ளை ஓடலாம், ஆடலாம், மார்கழி விடியலில் பெற்றோருடன் ஆலயமும் செல்லலாம். ஆகவே பிள்ளையின் ஆசிரியரிடமும் உறவினரிடமும் உண்மையைச் சொல்லுங்கள். மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பிறர் சொல்லுக்கு அஞ்சிப் பிள்ளையின் மூச்சைப் பணயம் வைக்க வேண்டாம் என்று உங்களை வேண்டி அமைகின்றேன்.