அம்மாவின் டாக்கைப் பூட்டினேன்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

மேக் கணினித் திரையின் அடியில் செயலிகளின் படங்கள் வரிசையாக நிற்கும் பட்டைக்குப் பெயர் டாக். என் அம்மாவுக்கு வயது 78, கை நடுக்கம் உண்டு. பேரனோடு பேச ஃபேஸ்டைம் படத்தை அழுத்துவார். கை விலகி, படம் மேலே இழுபட்டு, பட்டையிலிருந்தே போய்விடும். செயலி எங்கும் போகவில்லை, அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் பத்திரமாக இருக்கிறது. அது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? "நான்தான் கெடுத்துட்டேன்" என்று இரண்டு வாரம் கணினிப் பக்கமே போகவில்லை.

சிஸ்டம் செட்டிங்ஸில் தேடிப் பார்த்தேன். டாக்கின் அளவை, இடத்தை மாற்றலாம், மறைய வைக்கலாம். பூட்ட மட்டும் வழி இல்லை. ஆனால் அந்த வசதி உள்ளே ஒளிந்திருக்கிறது. யுடிலிட்டீஸ் ஃபோல்டரில் உள்ள டெர்மினலைத் திறந்து, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இப்படி அடிக்க வேண்டும்: டிஃபால்ட்ஸ் ரைட் காம்.ஆப்பிள்.டாக் கன்டென்ட்ஸ்-இம்யூட்டபிள் -பூலியன் ட்ரூ. என்டர் தட்டியதும் எதுவும் நடக்காது. அடுத்து 'கில்ஆல் டாக்' என்று அடியுங்கள். இதில் டாக்கின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பட்டை ஒரு நொடி மறைந்து புது அமைப்போடு திரும்பி வரும். அதன் பிறகு எவ்வளவு இழுத்தாலும் படம் வெளியே வராது.

பூட்டுவதைக் கடைசியில் செய்யுங்கள். நான் அவசரப்பட்டு முதலில் பூட்டிவிட்டு, பிறகு திறக்க வேண்டியதாயிற்று. ஃபேஸ்டைமுக்கு இரண்டு பக்கமும் வெற்றிடம் விட நினைத்தேன். அதற்கும் ஒரு கட்டளை உண்டு. வெற்றிடம் வரிசையின் கடைசியில் வந்து நிற்கும், நாம்தான் இழுத்து உரிய இடத்தில் வைக்க வேண்டும். அந்தக் கட்டளை நீளம், ஒரு மேற்கோள்குறி தவறினாலும் வேலை செய்யாது. அச்சிட்ட தாளில் தருகிறேன்.

திறக்க வேண்டுமானால் அதே வரியில் ட்ரூவுக்குப் பதில் ஃபால்ஸ் போட்டு, மறுபடி கில்ஆல். 'டிஃபால்ட்ஸ் டிலீட் காம்.ஆப்பிள்.டாக்' என்று முழுதாக அழித்துவிடாதீர்கள். பூட்டோடு சேர்ந்து, நீங்கள் அடுக்கிய வரிசையும் போய், கடையில் வாங்கிய நாளில் இருந்த டாக் வந்து நிற்கும்.

இன்னொன்று. நான் சொன்ன எதற்கும் கடவுச்சொல் தேவையில்லை. வாட்ஸ்அப்பிலோ போனிலோ யாரோ ஒருவர் ஒரு வரியைக் கொடுத்து டெர்மினலில் ஒட்டச் சொன்னால் ஒட்டாதீர்கள். கடவுச்சொல் கேட்காமலேயே உங்கள் கோப்புகளை அழிக்கக்கூடிய வரிகளும் உண்டு. வீட்டுப் பெரியவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

சனிக்கிழமை மாலை 5 மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். மடிக்கணினியைக் கொண்டு வாருங்கள், சார்ஜரோடு. அங்கே ஒரு பிளக்தான் வேலை செய்கிறது.