தரை காய்ந்தது, சுவர்?

வீட்டுக்குள்ளே குழாய் உடைந்து தண்ணீர் பெருகினால் எல்லாரும் வாளியையும் துணியையும் தேடி ஓடுவோம். முதலில் தேட வேண்டியது மெயின் சுவிட்ச். அதையும் ஈரத்தில் நின்றுகொண்டு தொடக் கூடாது. காய்ந்த இடத்தில் நின்று எட்டவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அடுத்து, மேல்தொட்டி வால்வை மூடுங்கள்.

தரையைத் துடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். தரை சீக்கிரம் காய்ந்துவிடும். செங்கல்லும் பூச்சும் அப்படியில்லை, நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீரை மேலே இழுத்து வைத்துக்கொள்ளும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஈரத்தைப் போக்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். இருமலும் மூச்சிரைப்பும் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

அதனால் பீரோ, கட்டில் எல்லாவற்றையும் சுவரைவிட்டு நகர்த்துங்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். எலக்ட்ரீஷியன் பார்த்துச் சரி என்ற பிறகு மின்விசிறியை ஓட விடுங்கள்.

கழுவும்போது ஒரு எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்க்கவே கூடாது. குளோரின் என்ற விஷவாயு கிளம்பும்.

பெயிண்ட் அடிக்கலாமா என்று சந்தேகமா? ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. ஈரச்சுவரில் அடித்த பெயிண்ட் உப்பி உரிந்துவிடும்.

ஆகவே, மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தியதும் முதலில் குழாயைச் சரிசெய்யப் பிளம்பர், பிறகு காற்று, கடைசியில்தான் பெயிண்டர்.