பாம்பென்றால் படை ஏன் நடுங்குகிறது?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் போன் செய்து, "சார், நீங்க விலங்கியல்காரர். மனித மனசைப் பரிணாமம் எப்படி உருவாக்கியதுன்னு இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். பல லட்சம் வருஷக் கதையை இருபது நிமிஷத்தில் சொல்ல என்னால் ஆகாது. ஆகவே ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். பாம்பு பயம்.

1973ஆம் வருஷம், நம் விடுதி மெஸ்ஸுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்தில் ஒரு பாம்பு புகுந்தது. என் வகுப்பு நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். கல்லூரிக் கபடி அணியே மதில் மேல் ஏறி நின்றது. அப்புறம் பத்துப் பேர் சேர்ந்து அடித்துக் கொன்றோம். சத்தம் கேட்டு வந்த எங்கள் பேராசிரியர் அதைக் குச்சியால் புரட்டிப் பார்த்தார். "ரெண்டு வருஷமா என்னிடம் பாடம் கேட்கிறீங்க. இது சாரைன்னு தெரியலையா? எலி பிடிக்க வந்ததைக் கொன்னுட்டீங்களேப்பா" என்றார். எங்களுக்குத் தலை குனிந்துபோயிற்று.

படித்தும் ஏன் அப்படி நடந்தோம்? சார்லஸ் டார்வினுக்கே இந்த அனுபவம் உண்டு. லண்டன் விலங்குக்காட்சி சாலையில், கனத்த கண்ணாடிக்கு அப்பால் ஓர் ஆப்பிரிக்க விரியன் இருந்தது. அது சீறிக் கொத்த வந்தாலும் பின்வாங்குவதில்லை என்று உறுதி செய்துகொண்டு, கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்தார். பாம்பு பாய்ந்தது. மனுஷர் ஒன்றிரண்டு கஜம் பின்னால் துள்ளிவிட்டார்! உணர்ச்சிகளைப் பற்றி 1872இல் வெளியிட்ட நூலில் இதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கண்ணாடி இருக்கிறது என்று அறிவுக்குத் தெரியும். கால்களுக்குத் தெரியாது.

காரணம் எளிது. நம் மூதாதையரில் பாம்பைச் சட்டென்று கவனித்து விலகியவர்கள் சற்றே அதிகமாகப் பிழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் நாம்.

அப்படியானால் பயம் பிறவியிலேயே வருகிறதா? இங்கேதான் சுவாரஸ்யம். 1980களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சூசன் மினேக்கா என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ரீசஸ் குரங்குகளை வைத்து ஆராய்ந்தார்கள். ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பு பயமே இல்லை. பாம்புக்கு மேலாகக் கையை நீட்டித் தீனியை எடுத்துக்கொண்டன. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதைச் சில நிமிஷங்கள் பார்க்க வைத்தார்கள். அவ்வளவுதான், இவற்றுக்கும் பயம் ஒட்டிக்கொண்டது. மூன்று மாதம் கழித்தும் போகவில்லை.

அடுத்து, வீடியோப் படத்தை வெட்டி ஒட்டி, ஒரு குரங்கு பூவைக் கண்டு அலறுவதுபோலக் காட்டினார்கள். பார்த்த குரங்குகள் பூவுக்குப் பயப்படக் கற்கவில்லை. பொம்மைப் பாம்பென்றால் உடனே கற்றுக்கொண்டன.

மனிதக் குழந்தையும் ஏறக்குறைய அப்படித்தான். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஏழு முதல் பதினெட்டு மாதக் குழந்தைகளுக்குப் பாம்பின் வீடியோப் படத்தையும் வேறு விலங்கின் வீடியோப் படத்தையும் காட்டினார்கள். பயந்த குரல் ஒன்று கேட்டபோது குழந்தைகள் பாம்பையே அதிக நேரம் பார்த்தன.

ஆக, பரிணாமம் நமக்குக் கொடுத்தது முழுப் பயத்தை அல்ல. பயப்படக் கற்றுக்கொள்ளும் தயார்நிலையை. மீதியைப் பெரியவர்களின் முகத்தைப் பார்த்தே பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இனி நான் சொல்லப்போவது என் சொந்தக் கதை. இதை மேடையில் இதுவரை சொன்னதில்லை.

1975இல் பட்டம் வாங்கிக்கொண்டு ஊரில் இருந்தேன். என் சித்தி மகனுக்கு ஒன்பது வயசு. தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவன் நடுராத்திரியில் எழுந்து வயிற்றை வலிக்கிறது என்றான். ஓமத்தண்ணீர் கொடுத்தோம். விடியற்காலையில் அவனால் கண் இமையைத் தூக்க முடியவில்லை. பாயைச் சுருட்டியபோது அடியில் கட்டுவிரியன். வீடே அலறியது. நானும் அலறினேன். எல்லோரும் மந்திரிக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நானும் கூடவே ஓடினேன். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது, மூச்சுத் தசைகள் தளர்ந்துபோகும், விஷமுறிவு மருந்து ஒன்றே வழி என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அந்த நேரத்தில் என் வாயில் வரவில்லை. பஸ் பிடித்து டவுனுக்குப் போனபோது நேரம் கடந்துவிட்டது.

பயம் எங்களுக்குக் குறைவாக இல்லை, நண்பர்களே. பயம் "ஓடு" என்று மட்டுமே சொல்லும். எந்தப் பக்கம் ஓடுவது என்று அதற்குத் தெரியாது.

இது அந்தக் காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் கால்வாசிக்கு மேல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

இதே மண்ணில் வேறு பாடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தில்தான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்களுக்கும் நமக்கும் பரிணாமம் ஒன்றுதான். ஆனால் அவர்கள் சிறுவயதில் பார்த்தது அலறுகிற முகங்களை அல்ல, கவனமாகப் பார்த்து நிதானமாகக் கைவைக்கிற பெரியவர்களை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022இல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். ஆனாலும் ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேர் ஒரே பைக்கில் போகும்போது யாருக்கும் உடம்பு நடுங்குவதில்லை. பைக் நேற்று வந்தது. நம் மனசு மிகப் பழையது. அதற்கு இந்த ஆபத்து உறைக்காது. உறைக்காத இடத்தில் நாமாகத்தான் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும்.

பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற மழைக்காலத்துக்கு முன்பு, உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் போய்வாருங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதே, கட்டிலில் படு, முடியாவிட்டால் தரையிலாவது கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டு படு, கடித்தால் கீறாதே, இறுக்கிக் கட்டாதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. இவ்வளவுதான் பாடம். அலறாமல் சொல்லுங்கள். பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பையன் இருந்திருந்தால் அவனுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயசுக்கு மேல் ஆகியிருக்கும்.